நுரையீரலில் ஊசி பயாப்ஸி: வாப்பாவை அனுப்பலாமா?

கேள்வி: கீழக்கரையில் இருக்கிறோம். என் வாப்பாவுக்கு 62 வயது. ஐம்பது தாண்டும்வரை சங்கு குளித்தவர். இப்போது வள்ளத்தில் வலைக்குப் போகிறார். எப்போதாவது தண்ணீரில் இறங்குவதும் உண்டு. முப்பது வருடப் பீடிப் பழக்கம். மூன்று வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சாப்பிடுகிறார். இரண்டு மாதமாக விடாத இருமலுக்கு எடுத்த சி.டி. ஸ்கேனில், வலது நுரையீரலின் மேல் மடலில் 2.4 செ.மீ. கட்டி, கூடவே எம்ஃபிசீமா (நுரையீரலின் காற்றறைகள் சிதைந்த நிலை) என்று எழுதியிருக்கிறது. மதுரையில் ஊசி விட்டுச் சதை எடுக்க வேண்டும் என்கிறார்கள். நுரையீரலில் குத்தினால் காற்று இறங்கிவிடும், கட்டியைச் சீண்டினால் பரவிவிடும் என்று சொந்தக்காரர்கள் தடுக்கிறார்கள். குத்தாமல் கண்டுபிடிக்க முடியாதா? குத்தினால் எப்போது கடலுக்குப் போகலாம்? துபாயில் இருக்கும் தம்பி வரச் சொல்கிறான், விமானத்தில் போகலாமா?

பதில்: சகோதரி, உங்கள் சொந்தக்காரர்கள் சொன்ன இரண்டில் முதலாவது உண்மை. ஊசி பட்ட இடத்தில் காற்றுக் கசிவது அடிக்கடி நடக்கிறது, அதற்கு வைத்தியமும் இருக்கிறது. கட்டி பரவுவது மிக அபூர்வம். வாப்பாவை அனுப்பலாம் என்பதே என் கருத்து. ஆனால் மூன்று விஷயம் முடிவான பிறகு அனுப்புங்கள்: மாத்திரைகளை எப்படி நிறுத்துவது என்று இதய மருத்துவர் எழுதித் தர வேண்டும், கசிந்த காற்றை வெளியேற்றும் நெஞ்சுக் குழாயை இரவில்கூடப் போட ஆள் இருக்கிற மருத்துவமனையாக இருக்க வேண்டும், அன்று இரவே கீழக்கரைக்குத் திரும்பக் கூடாது. எல்லோரும் ஊசி குத்தும் அரை மணி நேரத்தை நினைத்துப் பயப்படுகிறார்கள். எனக்கு அதற்கடுத்த 24 மணி நேரத்தின் மேல்தான் கண்.

குத்தாமல் முடியாதா என்ற கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். இந்த வயதில், இத்தனை வருடப் பீடிப் பழக்கத்தில், இந்த அளவுக் கட்டி என்றால் புற்றுநோயைச் சந்தேகிப்பது நியாயம். அதே சமயம், மேல் மடல் காசநோய் விரும்பி உட்காரும் இடமும்கூட. அதனால் ஊசிக்கு முன் சளியை சிபிநாட் என்ற காசநோய்க் கிருமிப் பரிசோதனைக்குக் கொடுத்தாயிற்றா என்று பாருங்கள். அரசு மருத்துவமனையில் இது இலவசம். நோயுள்ள இடங்களை ஒளிரக் காட்டும் பெட் ஸ்கேன் எடுத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். காசநோய்க் கட்டியும் அதில் புற்றுநோய்போலவே ஒளிரும். நம் பக்கத்தில் பெட் ஸ்கேனை மட்டும் நம்பி எந்த வைத்தியமும் தொடங்க முடியாது. அதன் உபயோகம் வேறு. காரை எலும்புக்கு மேலே ஒரு நெறிகட்டியோ, கல்லீரலில் ஒரு புள்ளியோ தெரிந்தால், நுரையீரலை விட்டுவிட்டு அங்கிருந்து சதை எடுக்கலாம். காற்றுக் கசியும் பேச்சே அங்கே இல்லை.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் இன்னொன்றும் பாருங்கள்: கட்டி நெஞ்சுச் சுவரை ஒட்டி இருக்கிறதா, உள்ளே தள்ளி இருக்கிறதா? ஒட்டியிருந்தால் அல்ட்ராசவுண்ட் பார்த்தபடியே குத்தலாம். காற்றுள்ள நுரையீரலைத் தொடாமலே ஊசி கட்டிக்குள் போய்விடுவதால் ஆபத்து வெகுவாகக் குறைகிறது. மூச்சுக்குழாய்க்குப் பக்கத்தில் நடுவில் இருந்தால் பிராங்கோஸ்கோப்பி, அதாவது மூச்சுக்குழாய்க்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது, நல்ல வழி. இரண்டுக்கும் இடையில், நுரையீரலின் ஓரப் பகுதியில் இருக்கும் 2.4 செ.மீ. கட்டிக்குச் சாதாரண பிராங்கோஸ்கோப்பியில் சரியான சதை கிடைப்பது குறைவு. அங்கேதான் சி.டி. ஊசி தேவைப்படுகிறது. ரத்தக்குழாய்ப் பின்னலோ புழுவால் வரும் ஹைடேடிட் நீர்க்கட்டியோ இல்லை என்பது குத்துவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். மருந்து செலுத்தி எடுத்த ஸ்கேன் இல்லையென்றால் அதைக் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

கட்டி பரவும் பயத்துக்கு வருகிறேன். ஊசி வந்த பாதையில் புற்றுநோய் அணுக்கள் ஒட்டி வளர்ந்ததாகப் பதிவுகள் உண்டு. பத்தாயிரம் பேரில் ஒருசிலர் என்ற அளவில்தான் உண்டு. குத்தியதால் வேகம் பிடித்தது என்று ஊரில் சொல்லப்படும் பெரும்பாலான கதைகளில், நோய் ஏற்கெனவே முற்றியிருந்திருக்கும். அது தெரியவந்த நாள் பயாப்ஸி நாளாக அமைந்திருக்கும். நோயின் பெயர் தெரியாமல் ஆறு மாதம் இருமல் மருந்து குடிப்பதில் கட்டிக்குக் கிடைக்கும் வாய்ப்பு அதைவிடப் பெரியது.

காற்றுக் கசிவை விரிவாகச் சொல்ல வேண்டும். நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவே இரண்டு மெல்லிய உறைகள் ஒட்டியபடி இருக்கின்றன. அந்த இடத்தின் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. நுரையீரல் விரிந்து நிற்பதே அதனால்தான். ஊசி உள்ளுறையைத் துளைத்தால், மூச்சு விடும்போதெல்லாம் நுரையீரலின் காற்று கொஞ்சம் கொஞ்சமாக அந்த இடைவெளிக்குள் வருகிறது. நுரையீரல் சுருங்குகிறது. இதற்குப் பெயர் நிமோதொராக்ஸ். சி.டி. ஊசி பயாப்ஸி செய்துகொள்ளும் 100 பேரில் ஏறத்தாழ 15 முதல் 25 பேருக்கு இது ஏதாவது ஓர் அளவில் வருகிறது. இவர்களில் பெரும்பாலோருக்கு எக்ஸ்ரேயில் ஒரு மெல்லிய கோடாகத் தெரிவதோடு சரி. ஆக்சிஜன் வைத்து, சில மணி நேரம் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுத்து, பெரிதாகவில்லை என்றால் விட்டுவிடுவார்கள். குழாய் போடும் அளவுக்குப் போவது 100 பேரில் சுமார் 5, 6 பேர்.

உங்கள் வாப்பா அந்த 5, 6 பேரில் விழும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். மறைக்காமல் சொல்கிறேன். காரணம் எம்ஃபிசீமா. பீடிப் புகை காற்றறைகளின் சுவரைத் தின்று, சின்னச் சின்ன அறைகளை ஒன்றாக்கிப் பெரிய பைகளாக்கிவிடுகிறது. நைந்த வலையில் ஒரு கண்ணி அறுந்தால் பக்கத்துக் கண்ணிகளும் பிரிவதுபோல, அந்த நுரையீரலில் விழுந்த துளை தானாக மூடச் சிரமப்படும். கட்டி 2 செ.மீட்டருக்குக் குறைவாக இருப்பது, ஆழத்தில் இருப்பது, ஊசி இரண்டு மடல்களுக்கு நடுவிலுள்ள பிளவைத் தாண்டுவது, உறையை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை துளைப்பது, இவையும் கசிவைக் கூட்டும். கட்டியின் அளவு நம் கையில் இல்லை. பாதையைத் தேர்ந்தெடுப்பது ஸ்கேன் பார்த்துக் குத்தும் மருத்துவரான ரேடியாலஜிஸ்ட் கையில் இருக்கிறது. எம்ஃபிசீமா பைகளைச் சுற்றிக்கொண்டு போகும் கோணம் ஒன்று கிடைக்குமா என்று அவரிடம் நேராகவே கேளுங்கள். கோஆக்சியல் முறையில் குத்துவாரா என்றும் கேளுங்கள். வெளி ஊசி ஒன்றை ஒரே தடவை உள்ளே நிறுத்திவிட்டு, அதன் வழியாக உள் ஊசியைத் திரும்பத் திரும்ப அனுப்பித் துண்டுகள் எடுப்பது அந்த முறை. உறையில் ஒரே ஒரு துளை. கிடைப்பதோ நான்கைந்து துண்டு.

குழாய் என்றதும் பெரிய ஆபரேஷன் என்று நினைக்க வேண்டாம். விலா எலும்புகளுக்கு நடுவே மரத்துப்போகும் ஊசி போட்டு, பென்சில் கனத்துக்கும் குறைவான சிறு குழாயை வைப்பார்கள். மறுமுனை தண்ணீர் உள்ள பாட்டிலில் மூழ்கியிருக்கும். காற்று குமிழியாக வெளியேறும், திரும்ப உள்ளே போகாது. குமிழி நின்று, எக்ஸ்ரேயில் நுரையீரல் விரிந்தது தெரிந்தால் எடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் ஓரிரு நாள் வேலை. எம்ஃபிசீமா உள்ளவருக்கு அதைவிட நீளலாம். அந்த நாட்களுக்கான பணமும், கூட இருக்க ஓர் ஆளும் முன்பே தயாராக இருக்கட்டும். பாட்டிலை எப்போதும் நெஞ்சு மட்டத்துக்குக் கீழேயே வைத்திருங்கள். கழிவறைக்குப் போகும்போது கட்டிலுக்கு மேலே தூக்கிவைத்துவிட்டால் தண்ணீர் நெஞ்சுக்குள் இறங்கிவிடும்.

காற்றுக் கசிவில் உயிருக்கு ஆபத்தான வடிவம் ஒன்று உண்டு. காற்று உள்ளே வந்துகொண்டே இருந்து வெளியேற வழியில்லாமல் போனால், அது இதயத்தையே மறுபக்கம் தள்ளும். ரத்த அழுத்தம் விழும், உதடு நீலமாகும். நிமிடக் கணக்கில் ஓர் ஊசியால் காற்றை வெளியேற்ற வேண்டும். மருத்துவமனைக்குள் நடந்தால் சமாளிக்கக்கூடியது. பரமக்குடி தாண்டி இரவு பஸ்ஸில் நடந்தால் என்ன செய்வீர்கள்? தனியாக இயங்கும் ஸ்கேன் சென்டர்களில் காலையில் குத்தி மாலையில் அனுப்பிவிடும் வழக்கம் உண்டு. செலவு குறையும்தான். எம்ஃபிசீமா உள்ளவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது ரத்தம். ஊசி போன பாதையில் நுரையீரலுக்குள் கொஞ்சம் ரத்தம் கசிவது ஸ்கேனில் பலருக்குத் தெரியும், தானாகவே கரைந்துபோகும். 100 பேரில் நான்கைந்து பேருக்கு இருமலில் ரத்தம் வரும். சளியோடு கலந்து ஒன்றிரண்டு நாள் வந்து நிற்பது சகஜம். அது வந்தால் பதறி எழுந்து உட்கார வேண்டாம். குத்திய பக்கம் கீழே இருக்கும்படி படுக்க வேண்டும். ரத்தம் நல்ல நுரையீரலுக்குள் வழியாமல் இருப்பதற்காகத்தான் இது. நிறைய ரத்தம் கொட்டுவது அபூர்வம்.

வாப்பா விஷயத்தில் ரத்தம் என்றால் அது மாத்திரைகளைப் பற்றிய பேச்சு. குளோபிடோக்ரெலை வழக்கமாக 5 நாள் முன்பே நிறுத்துவார்கள். ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்கள் புதிதாக உருவாக அவ்வளவு நாள் பிடிக்கிறது. ஆஸ்பிரினைச் சில இடங்களில் 3 முதல் 5 நாள் நிறுத்துவார்கள். ஸ்டென்ட் இருப்பதால் அதைத் தொடரச் சொல்லும் மருத்துவர்களும் உண்டு. ஸ்டென்ட் வைத்து மூன்று வருடம் ஆகிவிட்டதால் வழி இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் வைத்ததாக இருந்தால் பயாப்ஸியைத் தள்ளிப்போடுவதா என்றே யோசிக்க வேண்டியிருக்கும். எதுவானாலும் நிறுத்தும் தேதியையும் மறுபடி தொடங்கும் தேதியையும் இதய மருத்துவரிடம் ஒரு காகிதத்தில் எழுதி வாங்குங்கள். நிறுத்தச் சொன்னவர் ஒருவர், தொடங்கச் சொல்ல யாரும் இல்லை என்று ஆகி, ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும் கொடுமையும் நடக்கிறது. மூட்டு வலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக், புரூஃபென் மாத்திரைகளையும் அந்த வாரம் தொடக் கூடாது. ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் 50,000க்கு மேலும், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 1.5க்குள்ளும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

மிக அபூர்வமான, ஆனால் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று: நுரையீரல் ரத்தக்குழாய்க்குள் காற்றுக் குமிழி நுழைந்து மூளைக்கோ இதயத்துக்கோ போய்விடுவது. அறிகுறி காட்டும் அளவுக்கு இது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது. வந்தால் வலிப்பு, பக்கவாதம், நெஞ்சுவலி என்று தெரியும். வெளி ஊசியின் வாய் திறந்திருக்கும் நொடியில் நோயாளி இருமுவதோ, ஆழமாக மூச்சு இழுப்பதோ இதற்கு ஒரு காரணம். அதனால்தான் இருமல் அடங்காத நாளில் குத்தக் கூடாது என்கிறோம். வாப்பாவுக்கு இருமல் கடுமையாக இருந்தால் முன்கூட்டியே சொல்லி, அதை அடக்க மருந்து கேளுங்கள். இன்ஹேலர் இருந்தால் அன்று காலையும் வழக்கம்போல் இழுக்கட்டும். பயாப்ஸியால் உயிரிழப்பு ஆயிரத்தில் ஒன்று அல்லது அதற்கும் கீழே.

குத்தும் நாளில் என்ன நடக்கும் என்று வாப்பாவுக்கு முன்பே சொல்லிவையுங்கள். ஆறு மணி நேரம் வெறும் வயிறு. சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அதைப் பற்றி முதல் நாளே கேட்க வேண்டும். கையில் ஊசிக் குழாய் போடுவார்கள். கட்டிக்கு எந்தப் பக்கம் கிட்டமோ அதற்கேற்ப மல்லாக்கவோ குப்புறவோ படுக்கவைத்து, தோலில் குறி போட்டு ஸ்கேன் எடுப்பார்கள். லிக்னோகெயின் போட்டுத் தோலையும் உறையையும் மரக்கச் செய்வார்கள். உறையில் ஊசி படும்போது சுரீரென்று ஒரு குத்தல் இருக்கும். விலா எலும்பின் கீழ் விளிம்பில் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுவதால், எலும்பின் மேல் விளிம்பை ஒட்டியே ஊசியை இறக்குவார்கள். மூச்சை நிறுத்தச் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் ஒரே அளவில் நிறுத்த வேண்டும். ஒரு தடவை நெஞ்சு நிறைய இழுத்து, மறு தடவை பாதியில் நிறுத்தினால் கட்டி இருக்கும் இடமே மாறிவிடும். தம் பிடித்துப் பழகியவர் என்று பெருமைக்காக அதிகம் இழுக்க வேண்டாம் என்று வாப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். சாதாரண மூச்சுதான் வேண்டும். துண்டு வெட்டும்போது ஸ்டேப்ளர்போல் டக்கென்று ஒரு சத்தம் வரும், அதற்குத் துள்ளிவிடக் கூடாது.

எடுத்த சதை எந்த பாட்டிலுக்குப் போகிறது என்பதில் நம் ஆட்கள் கவனிப்பதே இல்லை. சதை கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்ட துண்டில் காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது. அது கிருமியைக் கொன்றுவிடும். ஆகவே பெரும்பகுதி ஃபார்மலினில் நோய்க்குறியியல் பரிசோதனைக்கும், ஒரு துண்டு சாதாரண சலைனில் (உப்புநீரில்) சிபிநாட்டுக்கும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும் போக வேண்டும். குத்துவதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். புற்றுநோயாக இருந்தால் ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. போன்ற மரபணுப் பரிசோதனைகளுக்கும் இதே சதைதான். வெறும் நீர்போல உறிஞ்சி எடுக்கும் மெல்லிய ஊசியைவிட, நூல்போல் துண்டு தரும் கோர் ஊசி இதற்கு உகந்தது.

குத்தியதும் குத்திய பக்கம் கீழே இருக்கும்படி இரண்டு, மூன்று மணி நேரம் படுக்க வேண்டும். உடல் எடையே துளையை அழுத்தி மூடும். அந்த நேரத்தில் பேச்சு, சிரிப்பு, சொந்தக்காரர் கூட்டம் எதுவும் வேண்டாம். ஒரு மணி நேரத்தில் ஓர் எக்ஸ்ரே, மூன்று நான்கு மணி நேரத்தில் இன்னொன்று. இரண்டாவதும் நன்றாக இருந்தாலும் அன்று இரவு மதுரையிலேயே தங்குங்கள். தாமதமாகக் கசியும் கேஸ்களும் உண்டு. ஒரு நாள் கழித்தும் வரலாம். ஊர் திரும்பிய பிறகு மூச்சு வாங்கினாலோ, மூச்சு இழுக்கும்போது நெஞ்சிலோ தோள்பட்டையிலோ குத்தல் வந்தாலோ, ரத்தம் கரண்டிக் கணக்கில் வந்தாலோ, கழுத்துத் தோலை அழுத்தும்போது நறநறவென்று இருந்தாலோ, 108ஐ அழைத்து நேராக ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். "நேற்று நுரையீரலில் பயாப்ஸி செய்தோம்" என்பதுதான் வாசலில் நீங்கள் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை. இல்லாவிட்டால் ஸ்டென்ட் சீட்டைப் பார்த்து மாரடைப்பு என்றே முதலில் தேடுவார்கள்.

கடலுக்கு வருவோம். கசிவே இல்லாமல் முடிந்தாலும் ஒரு வாரத்துக்கு வலை இழுப்பது, நங்கூரம் தூக்குவது, இன்ஜின் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்வது, எல்லாவற்றுக்கும் ஓய்வு. காற்றுக் கசிந்திருந்தால், நுரையீரல் முழுதாக விரிந்ததை எக்ஸ்ரேயில் பார்த்த பிறகே நாட்களை எண்ணத் தொடங்க வேண்டும். கரையிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் மூச்சு முட்டினால் குழாய் போட ஆள் கிடையாது.

தண்ணீரில் இறங்குவது வேறு கணக்கு. ஐந்தாறு பாகம் ஆழத்தில், அதாவது 10 மீட்டரில், அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அங்கே வள்ளத்திலிருந்து காற்று அனுப்பும் கம்ப்ரஸர் குழாயில் சுவாசித்த காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். எம்ஃபிசீமா பையில் மாட்டிக்கொண்ட காற்றுக்கு வெளியேற வழி இருக்காது, பை வெடிக்கும். பயாப்ஸி நடந்தாலும் நடக்காவிட்டாலும், இந்த ஸ்கேன் ரிப்போர்ட்டுக்குப் பிறகு உங்கள் வாப்பா கம்ப்ரஸரில் இறங்கக் கூடாது. தம் பிடித்து முங்குவதற்கும் நான் சம்மதிக்க மாட்டேன்.

விமானத்திலும் இதே விதி, எதிர்த்திசையில். உயரத்தில் கேபின் அழுத்தம் குறைவதால் நெஞ்சுக்கூட்டில் மிச்சமிருக்கும் காற்று விரியும். கசிவு இருந்திருந்தால், அது முழுதாக மறைந்ததை எக்ஸ்ரேயில் உறுதி செய்து, அதன்பின் குறைந்தது ஒரு வாரம் கழிய வேண்டும். கசிவே இல்லையென்றாலும் ஒரு வாரம் பொறுப்பது நல்லது. எப்படியும் ரிப்போர்ட் வருமுன் துபாய் டிக்கெட் போடாதீர்கள். தம்பியை இங்கே வரச் சொல்வது சுலபம்.

ரிப்போர்ட்டில் 'புற்றுநோய் இல்லை' என்று தெளிவான வேறு காரணத்தோடு வந்தால், உதாரணமாகக் காசநோய்க் கிருமியே கிடைத்திருந்தால், நம்பலாம். 'அழற்சி மட்டும்', 'போதுமான சதை இல்லை' என்று வந்தால் அது நல்ல செய்தி ஆகாது. ஊசி கட்டிக்குப் பக்கத்தில் போயிருக்கலாம். அப்போது மறுபடி குத்துவதா, சில வாரம் கழித்து ஸ்கேன் எடுத்து ஒப்பிடுவதா, அறுவை செய்து எடுப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். அதற்காகப் பழைய ஸ்கேனின் படங்கள் பதிந்த வட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். எழுத்தில் வரும் ரிப்போர்ட்டை மட்டும் வைத்து இரண்டு ஸ்கேன்களை ஒப்பிட முடியாது.